சூடம் அணைத்த கை

மேலகரம்,
14-8-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள். நீயும் மதினியும் நலமா?

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால் மேற்கொண்டும் படி. ஆறு வருடமாக என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மருமகள் நிர்மலா போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று பார்த்தேன். படித்தால் நீலக் குறி விழுந்துவிடும், அதற்காகவே நீ திறக்க மாட்டாய். கடிதம் என்றால் நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உன் வீம்புக்கும் பங்கம் வராது.

இந்த வருடம் சாரல் நன்றாக இருந்தது. ஜூன் கடைசியிலிருந்தே நானும் பக்கத்து வீட்டு முத்துலட்சுமியும் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம். ஒரு நாள் தோளில் நீலமாகக் கன்றியிருந்தது. அருவி அடித்த அடி என்று நினைத்தேன். அப்புறம் தொடை, முதுகு. உன் மச்சான், "தண்ணிக்கு நேரா நிக்காத, ஓரமா நில்லுன்னா கேக்கியா?" என்று ஏசினார். ஓரமாகவும் நின்று பார்த்தேன். யாரும் பயப்படவில்லை. சீசனில் இங்கே பாதிப் பேர் உடம்பில் அருவி அடித்த தடம் இருக்கும், மீதிப் பேர் உடம்பில் எண்ணெய் மசாஜ்காரர்கள் போட்ட தடம் இருக்கும்.

பிறகு வெள்ளம் வந்து, அருவியில் குளிக்கக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வீட்டுக் குழாயடியில்தான் குளியல். அப்போதும் புதிது புதிதாகக் கன்றியது. பிளாஸ்டிக் கப்பில் மொண்டு ஊற்றுகிற தண்ணீர் அப்படி அடிக்குமா?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் சுண்டிவிட்டது என்று சொல்லி உன் மச்சான் வாராவாரம் ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்கி வந்து வறுத்துத் தின்னச் சொன்னார். பீட்ரூட், பேரீச்சம்பழம், சத்து டானிக் எல்லாம் ஆயிற்று. போன வாரம் பல் தேய்த்தால் ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. நம்ம டாக்டர் ஒலி முகம்மது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே தரைக்கு வந்துவிட்டதாம். "இது என் கையில இல்லம்மா. ரத்தத்துக்குன்னு இருக்க டாக்டரப் பாருங்க" என்றார்.

ரத்தத்துக்கென்று டாக்டர் உண்டா அண்ணே? கண்ணுக்கு, எலும்புக்கு, சர்க்கரைக்கு எல்லாம் தென்காசியில் போர்டு பார்த்திருக்கிறேன். ரத்தம் என்றால் எனக்கு ரத்த வங்கிதான் தெரியும். நீ பட்டாளத்தில் இருந்தவன், மிலிட்டரி ஆஸ்பத்திரி ஆட்களைப் பழக்கம் உண்டு. நம்ம பக்கத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து எழுது.

ஒரு மாலைக்காக நீ பேச்சை நிறுத்தியதை நான் இப்போது கிளறவில்லை. நிர்மலா சடங்கன்று உன் ரயில் தாமதம். நல்ல நேரம் போகிறதே என்று இவர் வழி ஆள் ஒருவர் தாய்மாமன் மாலையைப் போட்டுவிட்டார். நீ சீர்த்தட்டுகளோடு வாசலுக்கு வந்து, அதைப் பார்த்து, மேளக்காரர்களோடு அப்படியே திரும்பிப் போனாய். நேராக ராயகிரிக்குப் போய் மாடன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருக்கட்டும்.

"பயமா இருக்காம்மா?" என்று நிர்மலா கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. பயம், அழுகை எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறேன்.

நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உன் தங்கைதான்,
சங்கரேஸ்வரி

—

ராயகிரி,
22-8-2024

திருமதி சங்கரேஸ்வரி பால்வண்ணநாதன் அவர்களுக்கு,

தங்கள் 14-8-2024 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கேட்ட விவரம் வருமாறு.

என்னோடு பணியாற்றிய மருத்துவப் பிரிவு ஹவில்தார் குத்தாலிங்கம் இப்போது திருவேங்கடத்தில் இருக்கிறார். அவரை நேரில் போய்ப் பார்த்தேன். ரத்தநோய்க்கென்று தனி மருத்துவர் உண்டு. ஹெமட்டாலஜிஸ்ட் என்பார்கள். ரத்தம் உடம்பில் குறைந்தாலும், கூடினாலும், உறைய வேண்டிய நேரத்தில் உறையாவிட்டாலும், உறையக் கூடாத இடத்தில் உறைந்தாலும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுநோயும் அவர்களிடம்தான். ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையில் கோளாறு என்றாலும் அவர்கள்தான். சத்து டானிக் எழுதிக் கொடுக்கிற டாக்டரால் இது ஆகாது.

தென்காசியில் நிரந்தரமாக யாரும் இல்லை. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர் மாடியில் மாதம் இரண்டாவது ஞாயிறு மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்து பார்க்கிறார். பெயர் டாக்டர் கல்யாணசுந்தரி. குற்றாலத்தில் குளிக்க வருகிறவர், வந்த இடத்தில் நோயாளியையும் பார்க்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். நன்றாகப் பார்ப்பவர் என்று குத்தாலிங்கம் உறுதி சொல்கிறார். தங்கள் பெயருக்கு டோக்கன் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகவும்.

பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், பேசவில்லை. எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சு. மந்திரமூர்த்தி

பி.கு.: இனி அருவிக்குப் போக வேண்டாம். வழுக்கி விழுந்தால் ரத்தம் நிற்காது. தலைவலி, கைகால் வலி என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். மசாஜ் பக்கமே போகக் கூடாது.

—

மேலகரம்,
10-9-2024

"தங்கள்" என்று எழுதுகிற அண்ணனுக்கு,

கடிதத்தை நிர்மலாவிடம் காட்டினேன். "மாமா என்னம்மா கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பிருக்காவ" என்று சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்துப் பல நாள் ஆயிற்று. அதற்காகவே நீ இப்படி எழுதலாம்.

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து ஏறினேன். கீழே டீக்கடையோரம் உன் புல்லட் மாதிரி ஒன்று நின்றதாக உன் மச்சான் சொன்னார். உன் வண்டி மாதிரி ஊரில் எத்தனையோ வண்டி இருக்கும்.

மேலே அத்தனை கூட்டம். இத்தனை பேருக்கு ரத்தத்தில் கோளாறு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிறிய அடிபட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்கிற ஒரு பையனோடு அவன் தாய் வந்திருந்தாள். தாய் தகப்பன் இருவருக்கும் தெரியாமலேயே இருந்த குறை பிள்ளைக்குச் சேர்ந்து வந்து, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிற ஒரு குடும்பம் புளியரையிலிருந்து வந்திருந்தது. காலில் ரத்தம் உறைந்துபோன ஒரு லாரி டிரைவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாருக்கு ரத்தம் கூடிப்போச்சாம், அவ்வப்போது எடுத்துக் கீழே விடுகிறார்களாம். "எனக்குத் தரலாம்லா சார்" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், "வியாதி ரத்தம் ஒனக்கு எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அம்மா என்னை விட இரண்டொரு வயது கூட இருப்பார். கன்றிய இடங்களைப் பார்த்து, "எப்படி வந்துச்சு?" என்றார். "அருவி அடிச்சது" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இந்த ஊருக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து இதே பதில்தான் கேக்கேன். அருவி அடிச்சா ஒரு நாள் சிவக்கும்மா, மாசக்கணக்கா நீலமா இருக்காது" என்றார். நான் ஜூலையிலேயே வந்திருக்க வேண்டுமாம்.

மறுநாள் மதுரைக்கு வரச் சொல்லி, இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்தணும்னா கத்துங்க" என்றாள். எனக்குக் கத்த வரவில்லை. வலித்தது, ஆனால் அது வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்தது. உன் மச்சான்தான் வெளியே அழுதிருக்கிறார். மூக்கைச் சிந்திவிட்டு, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

முடிவு வர நாளாகும். மதினி கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாய் நினைவாகவே இருக்கிறது. அனுப்பிவிடாதே, ஊறுகாயெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
சங்கரேஸ்வரி

—

ராயகிரி,
19-9-2024

சங்கரேஸ்வரிக்கு,

தாங்கள் என்று எழுதினால் உன் மதினி உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அதனால் நீ என்று எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் மிலிட்டரி கேன்டீனில் சாமான் வாங்கத் தென்காசி வந்தேன். வந்த இடத்தில் டீ குடித்தேன்.

முடிவு வந்ததும் எழுது. எதையும் மறைக்காமல் எழுது. டாக்டர் சொன்ன பெயரை அப்படியே எழுது, குத்தாலிங்கத்திடம் கேட்க வேண்டும். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம், அதிகம் எழுத முடியவில்லை.

மந்திரமூர்த்தி

—

மேலகரம்,
15-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கேன்டீனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதை விட்டுவிடுகிறேன்.

பெயர் கேட்டாய். அப்ளாஸ்டிக் அனீமியா. புற்றுநோய் இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, அது இல்லை என்பதால் சந்தோஷப்பட வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். ரத்தம் எலும்புக்குள் மஜ்ஜையில்தான் ஊறுமாம். எனக்கு அங்கே ஊற்று அடைத்துவிட்டது. எடுத்துப் பார்த்ததில் வெறும் கொழுப்புத்தான் இருந்திருக்கிறது. சுவரொட்டி தின்றாலும் இரும்புச் சத்து தின்றாலும் போய்ச் சேர அங்கே இடமில்லை. இப்போது வாரம் ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை ரத்தமும் தட்டணுவும் ஏற்றுகிறார்கள். டெப்போவில் உன் மச்சானோடு வேலை செய்கிற டிரைவர்களும் கண்டக்டர்களும் முறை போட்டு வந்து கொடுக்கிறார்கள். என் உடம்பில் இப்போது ஓடுவது பாதி தென்காசி டெப்போ ரத்தம்.

இப்படியே ஏற்றிக்கொண்டு ரொம்ப நாள் தள்ள முடியாதாம். ஒரு கிருமி வந்தாலும் தாங்காது. டாக்டரோடு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"ஒரு அண்ணன் டாக்டர்."

"எங்க இருக்காரு?"

"இங்கனதான். ராயகிரில."

"நல்லதாப் போச்சு. வரச் சொல்லுங்க. அவர் மஜ்ஜை பொருந்துதான்னு பாக்கணும். கூடப் பொறந்தவங்களுக்கு நாலுல ஒரு வாய்ப்பு உண்டு. பொருந்துச்சுன்னா அத எடுத்து உங்களுக்குள்ள விட்டு முழுசா சரி பண்ணப் பாக்கலாம். இல்லன்னா வேற மருந்து இருக்கு, ஆனா ஒங்க வயசுக்கு இதுதான் நல்லது."

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது டாக்டர்."

அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இதத்தாம்மா சொல்லுறாங்க. நோய விட அதுக்குத்தான் எங்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான். நீ வராவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. நிர்மலா முகத்தைப் பார்க்காமல் இருந்தால் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. பார்த்தால், இந்தப் பிள்ளைக்குச் சேலை கட்டத் தெரியாதே, யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று ஒரே ஒரு நினைப்பு மட்டும் வந்துவிட்டுப் போகிறது.

சங்கரேஸ்வரி

—

ராயகிரி,
28-10-2024

சங்கரிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே மதுரை போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். கன்னத்துக்குள்ளும் பஞ்சால் துடைத்து எடுத்தார்கள். முடிவை உங்களுக்குத்தான் சொல்வார்களாம். நாலில் ஒன்று என்கிறாய். பட்டாளத்தில் அதைவிடக் குறைந்த வாய்ப்பை நம்பித் தூங்கியிருக்கிறேன்.

இனி நான் எழுதுவதை நிதானமாகப் படி. நான் பேசாமல் இருப்பதை நீ வீம்பு என்று எழுதியிருந்தாய். ஆரம்பத்தில் வீம்புதான். வாசலில் சீர்த்தட்டோடு நின்றபோது என் மருமகள் கழுத்தில் வேறொருத்தன் மாலை கிடந்தது. லக்னோவிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தவன் நான். அந்தக் கோபத்தில் மாடன் முன்னால் சூடத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்தேன். என்ன சொல்லி அணைத்தேன் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். "இனி அவகூடப் பேசுனேன்னா எங்க ரெண்டு பேர்ல ஒரு உசுர நீ எடுத்துக்க" என்று சொன்னேன். உலகம்மாள் வாயைப் பொத்த வந்தாள். அதற்குள் சொல்லிவிட்டேன்.

அப்போது அது வெறும் வார்த்தை. இப்போது நீ இப்படிக் கிடக்கிறாய். நான் வாயைத் திறந்தால் மாடன் யாரை எடுப்பான்? நல்லா இருக்கிற என்னையா எடுப்பான்? டீக்கடையில் நின்றது நான்தான். நீ படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினதைப் பார்த்தேன். கூப்பிட்டிருப்பேன். கூப்பிடவில்லை.

ஒரு சேவலை அறுத்துச் சத்தியத்தை இறக்கிவிடலாம் என்று உலகம்மாள் சொல்கிறாள். கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடி வாக்குச் சொன்னால்தான் இறக்க முடியும். கொடை சித்திரையில்தான். அதுவரை பொறு.

ரத்தம் கேள், தருகிறேன். எலும்புக்குள் இருப்பதைக் கேள், தருகிறேன். பேச்சை மட்டும் கேட்காதே.

உன் அண்ணன்,
மந்திரமூர்த்தி

—

மேலகரம்,
5-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொருந்திவிட்டது. முழுதாகவே பொருந்துகிறதாம். டாக்டர் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சொன்னார். உன் மச்சான் இந்த முறை ஏசி மேல் பழி போடவில்லை, நேராகவே அழுதார். நான் சரி என்றேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

வரி கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தட்டணு குறைந்து வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கிறது. நிர்மலா தாளின் மேல் அடிக்கோலை வைத்துப் பிடிக்கிறாள், அதன் மேலேயே எழுதுகிறேன். இடது கண் நன்றாக இருக்கிறது.

அடுத்த வாரம் மதுரையில் சேர்கிறேன். முதலில் மருந்து கொடுத்து என் மஜ்ஜையில் மிச்சம் இருப்பதையும் அழித்துவிடுவார்களாம். பிறகு உன்னுடையதை விடுவார்கள். அது ஊறத் தொடங்குகிற வரைக்கும் தனி அறை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உன் மச்சான்கூட உள்ளே வர முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், சுவரில் போன் மாட்டியிருக்கிறது, பேசலாம். உன்னுடையது பி குரூப், என்னுடையது ஓ. உன்னுடையது பிடித்துக்கொண்டால் எனக்கும் பி ஆகிவிடுமாம். "இனி ஓடப்போறது ஒங்க அண்ணன் ரத்தந்தாம்மா" என்றார் டாக்டர். டெப்போக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கும்.

உன் சத்தியத்தை நான் முழுதாக இப்போதுதான் அறிகிறேன். படித்துவிட்டு உனக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுகிறேன்: நீ பேசாதே. நான் சாகப் பயந்து சொல்லவில்லை. இதில் பிழைப்பதும் பிழைக்காததும் டாக்டர் கையிலேயே முழுதாக இல்லை. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால், பேசினதால்தான் ஆயிற்று என்று மிச்ச நாளெல்லாம் நீ உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும். அதனால் வாயைத் திறக்காதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றால் போதும். நான் பார்த்துக்கொள்வேன்.

உன் தங்கை,
சங்கரி

—

மதுரை, ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி,
3-1-2025

ஏட்டி சங்கரி,

இதை நீ படிக்கப்போவதில்லை. நான்தான் படிக்கப்போகிறேன். உன்னிடம் தாள் இல்லாமல் எப்படிப் பேசுவது என்பது ஆறு வருடத்தில் எனக்கு மறந்துவிட்டது. அதனால் முதலில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

என் இடுப்பிலிருந்து எடுத்ததை உனக்குள் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. எனக்கு ஒன்றும் இல்லை, குனிந்தால் கொஞ்சம் பிடிக்கிறது. அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். கரும்பை உலகம்மாள் பார்த்துக்கொள்கிறாள். காலையிலும் சாயங்காலமும் இந்தக் கண்ணாடி முன்னால் வந்து நிற்பேன். நீ மொட்டைத் தலையோடு கட்டிலில் சாய்ந்திருப்பாய். சில நேரம் என் பக்கமாகவே முகத்தைத் திருப்புவாய். நான் கையைத் தூக்குவேன். நீ ஒன்றும் செய்ய மாட்டாய். சரி, கோபம் தீரவில்லை போல, இருக்கட்டும், நான் நிற்பதைப் பார்த்தாளே போதும் என்று போய்விடுவேன்.

நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதி நர்ஸிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "உள்ள பேப்பர் எதுவும் விட மாட்டோம் சார், கிருமி" என்றாள். பிறகு, "விட்டாலும் அவங்களால படிக்க முடியாது. ஒங்களுக்குத் தெரியாதா? இப்ப ரெண்டு கண்ணுலயும் கசிஞ்சிருக்கு. கவுண்ட் ஏறுனா தன்னால தெளியும். இப்ப வெளிச்சம் இருட்டுதான் தெரியும். கண்ணாடிக்கிட்ட ஆள் நிக்கது தெரியாது" என்றாள். அப்புறம் சொன்னாள், நீ தினமும், "எங்க அண்ணன் ஊருக்குப் போயிட்டானா?" என்று கேட்கிறாயாம். மச்சான் போனில், "அவரு இங்கனதான் நிக்காரு" என்று சொன்னதற்கு, "சும்மா ஆறுதலுக்குச் சொல்லுதீங்க" என்று சொல்லிவிட்டாயாம்.

இத்தனை நாள் நின்றது யாருக்காக என்று தெரியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உன்னைப் போல்தான் எதுவும் வரவில்லை. தரையைத் துடைக்கிறவள் காலைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன்.

பேசாதே என்று எழுதினாய். அந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. நான் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ இன்னும் தேறவில்லை, வெள்ளையணு இன்னும் ஏறத் தொடங்கவில்லை என்று இன்று காலையிலும் டாக்டர் சொன்னார். இன்னும் சில நாள் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். சித்திரைக் கொடை வரைக்கும் பொறுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்ணன் போயிட்டான் என்று நினைத்துக்கொண்டு நீ அந்த இருட்டில் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் இன்று விடியற்காலையில் கீழே மரத்தடியில் நின்று ராயகிரி பக்கமாகப் பார்த்து மாடனிடம் சொல்லிவிட்டேன். ரெண்டு பேரில் ஒரு உசுர எடுத்துக்க என்று சொன்னவன் நான். இப்போது என் எலும்பில் இருந்தது அவள் எலும்பில் இருக்கிறது. நாளைக்கு அவள் உடம்பில் ஓடப்போவது என்னுடையது. இதில் எங்கே நான் முடிகிறேன், எங்கே அவள் ஆரம்பிக்கிறாள் என்று உன்னால் பிரிக்க முடிந்தால் பிரித்து எடுத்துக்கொள். முடியாவிட்டால் சித்திரையில் சேவலோடு வருகிறேன், அதுவரை சும்மா இரு என்றேன்.

நர்ஸ் உள்ளே போய்விட்டாள். போனை உன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் தலையை ஆட்டுகிறாள். யார் என்று உன்னிடம் அவள் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். இந்தப் பக்கத்துப் போன் ஆணியில் தொங்குகிறது. சூடம் அணைத்த கையாலேயே எடுக்கிறேன்.

கீழே கையெழுத்துப் போடவில்லை. குரல் உனக்குத் தெரியும்.

எழுதி வைத்தது இவ்வளவுதான். இனி தாள் இல்லாமல்தான் பேச வேண்டும்.

ஏட்டி, சாப்பிட்டியா?